xⁿ − 1 ஐக் காரணிப்படுத்துவது எப்படி? தடைக்காலத்தில் கற்க ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் துறைகளில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள். பிளஸ் டூ தேர்வும் அதற்குள் முடிந்திருக்கும். கல்லூரியில் கணிதம் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட வாய்ப்பான காலம் வாய்க்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட பொருள் சைக்ளோடோமிக் பல்லுறுப்புக்கோவைகள். வட்டத்தைச் சம பாகங்களாக வெட்டும் புள்ளிகளிலிருந்து பிறப்பவை அவை. முதலாண்டு, இரண்டாமாண்டு இயற்கணிதத்தில் குலம், வளையம், களம் என்று வரிசையாக வரும்போதெல்லாம் இவை எதிரே வந்து நிற்கும். முன்கூட்டியே கையால் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பாடங்கள் பழகிய ஊர்போல இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த கலப்பெண்கள் பாடமும், பல்லுறுப்புக்கோவைகளை நீள் வகுத்தல் செய்யும் பழக்கமும் போதும். ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில். கால்குலேட்டர் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பாடத்தில் நாம் கண்டுபிடிக்கும் கோவைகளின் கெழுக்கள் எல்லாம் முழு எண்கள். 0.7071 என்று ஒரு தசமத்தை எழுதிய நிமிடமே பாடத்தின் அழகு முழுவதும் கையைவிட்டுப் போய்விடும்.

முதல் வேலை: புள்ளிகளை வட்டத்தில் வைப்பது

xⁿ = 1 என்ற சமன்பாட்டுக்கு n மூலங்கள். டி மாய்வர் தேற்றம் சொல்வது, அவை எல்லாம் ஓரலகு வட்டத்தின்மேல் சம இடைவெளியில் இருக்கின்றன என்பது. முதல் புள்ளி 1. அது வட்டத்தின் வலக்கோடியில், அதாவது கிழக்கில் இருக்கிறது. அங்கிருந்து இடஞ்சுழியாக 360/n பாகை நகர்ந்தால் அடுத்த புள்ளி. அதை ω என்போம். மற்றவை ω², ω³ என்று தொடர்ந்து போய், ωⁿ மறுபடி 1 இல் வந்து நிற்கும்.

முதலில் n = 8 எடுத்துக்கொள்ளுங்கள். படகில் இருக்கும் திசைகாட்டியை அப்படியே மனத்தில் கொண்டுவரலாம்: கிழக்கு, வடகிழக்கு, வடக்கு, வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு, தென்கிழக்கு. கடற்கரைப் பிள்ளைகள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். திசைகாட்டி வடக்கில் சுழியம் வைத்து வலஞ்சுழியாக எண்ணும். கணிதம் கிழக்கில் சுழியம் வைத்து இடஞ்சுழியாக எண்ணும். அப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகியவர்கள் இதில்தான் முதலில் தடுமாறுவார்கள். நோட்டில் வட்டத்தைப் போட்டு, கிழக்கில் 0, வடகிழக்கில் 1, வடக்கில் 2 என்று தென்கிழக்கில் 7 வரை எண்களை எழுதிவிடுங்கள். k என்று எண்ணிட்ட புள்ளி ωᵏ. இரண்டு புள்ளிகளைப் பெருக்கினால் எண்கள் கூடும். 8 ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 8 ஐக் கழித்துக்கொள்ளலாம். வடகிழக்கை வடக்கோடு பெருக்கினால் வடமேற்கு.

இரண்டாவது வேலை: ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் வரிசையைக் கண்டுபிடிப்பது

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது உண்மையில் இந்த ஒரு செயல்தான். மற்றவை எல்லாம் இதிலிருந்து தாமாக வரும்.

ஒரு புள்ளியை எடுத்து, அதன் படிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். எத்தனையாவது படியில் முதன்முறையாக 1 வருகிறதோ, அந்த எண்ணை அப்புள்ளியின் வரிசை என்கிறோம். வடக்குப் புள்ளியை எடுத்தால் 2, 4, 6, 0 என்று போகும். வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு. நான்கே தாவலில் வந்துவிட்டது. ஆகவே வரிசை 4. வடமேற்கை எடுங்கள். ஒவ்வொரு தாவலும் மூன்று இடம். 3, 6, 1, 4, 7, 2, 5, 0. வடமேற்கு, தெற்கு, வடகிழக்கு, மேற்கு, தென்கிழக்கு, வடக்கு, தென்மேற்கு, கிழக்கு. எட்டுத் திசையையும் ஒன்றுவிடாமல் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. வரிசை 8.

இதை விரலால் நோட்டில் தொட்டுத் தொட்டுச் செய்து பாருங்கள். சூத்திரம் இருக்கிறது: k என்ற புள்ளியின் வரிசை n ஐ, n, k இரண்டின் மீப்பெரு பொது வகுத்தியால் வகுத்தால் கிடைக்கும். ஆனால் விரல் ஒருமுறை சுற்றிவந்த பிறகு சூத்திரம் தேவைப்படாது.

n = 8 க்கு முழுக் கணக்கு இப்படி வரும். 0 இன் வரிசை 1. 4 இன் வரிசை 2, அது −1 என்ற எண். 2, 6 இரண்டின் வரிசையும் 4; அவை i, −i. எஞ்சிய ஒற்றை எண்கள் 1, 3, 5, 7 நான்கின் வரிசையும் 8. n ஐயே வரிசையாகக் கொண்ட புள்ளிகளை முதன்மை n ஆம் படி மூலங்கள் என்கிறோம். n உடன் 1 ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத k கள்தான் அவை. அவற்றின் எண்ணிக்கையைத் தருவது ஆய்லரின் φ(n). φ(8) = 4.

அடுத்து n = 12 க்கு நீங்களே செய்யுங்கள். செய்து முடித்த பிறகு இதோடு ஒப்பிடலாம்: 0 க்கு வரிசை 1; 6 க்கு 2; 4, 8 இரண்டுக்கும் 3; 3, 9 இரண்டுக்கும் 4; 2, 10 இரண்டுக்கும் 6; 1, 5, 7, 11 நான்குக்கும் 12. மொத்தம் 1 + 1 + 2 + 2 + 2 + 4 = 12. ஒரு புள்ளியும் விடுபடவில்லை. எதுவும் இரண்டு இடத்தில் வரவில்லை. வரிசையாக வந்த எண்கள் 1, 2, 3, 4, 6, 12. இவை 12 இன் வகுத்திகள் என்பதைக் கவனித்தீர்களா?

மூன்றாவது வேலை: ஒரே வரிசைக்காரர்களைச் சேர்ப்பது

வரிசை d உள்ள புள்ளிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அவற்றை மட்டும் மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவையை எழுதினால் அதுதான் d ஆவது சைக்ளோடோமிக் பல்லுறுப்புக்கோவை. Φ_d(x) என்று எழுதுவார்கள். அதன் படி φ(d). மேலே 12 புள்ளிகளையும் ஆறு கூட்டமாகப் பிரித்தோம் அல்லவா? அதை அப்படியே சமன்பாடாக எழுதினால்,

x¹² − 1 = Φ₁ · Φ₂ · Φ₃ · Φ₄ · Φ₆ · Φ₁₂

பொதுவாக, xⁿ − 1 என்பது n இன் வகுத்திகள் d ஒவ்வொன்றுக்கும் Φ_d ஐ எழுதிப் பெருக்கியது. நிரூபணம் என்று தனியாக எதுவும் தேவையில்லை. புள்ளிகளைக் கூட்டம் பிரித்ததுதான் நிரூபணம்.

இனி Φ களைக் கணக்கிடலாம். மூலங்களின் மதிப்பை எழுதிப் பெருக்கப் போகாதீர்கள். சின்னதிலிருந்து தொடங்கி, முன்பு கிடைத்தவற்றால் வகுத்துக்கொண்டே போனால் போதும்.

Φ₁ = x − 1. x² − 1 ஐ அதால் வகுத்தால் Φ₂ = x + 1. x³ − 1 ஐ x − 1 ஆல் வகுத்தால் Φ₃ = x² + x + 1. பகா எண் p எதுவானாலும் இதே கதைதான்: xᵖ⁻¹ இலிருந்து 1 வரை எல்லா உறுப்பும் கெழு 1 உடன் வரும். x⁴ − 1 = (x² − 1)(x² + 1); முதல் பாதி Φ₁Φ₂; ஆகவே Φ₄ = x² + 1. x⁶ − 1 = (x³ − 1)(x³ + 1); முதல் பாதியில் Φ₁, Φ₃ இரண்டும் போய்விட்டன; x³ + 1 ஐ x + 1 ஆல் வகுத்தால் Φ₆ = x² − x + 1.

Φ₁₂ ஐப் பார்ப்போம். x¹² − 1 = (x⁶ − 1)(x⁶ + 1). Φ₁, Φ₂, Φ₃, Φ₆ நான்கும் x⁶ − 1 க்குள் அடங்கிவிட்டன. மீதம் Φ₄ · Φ₁₂ = x⁶ + 1. x² + 1 ஆல் வகுத்தால்

Φ₁₂ = x⁴ − x² + 1

ஆறு காரணிகள் என்று பயந்த கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிட்டது. புள்ளிகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 1, 5, 7, 11 என்ற புள்ளிகள் 30, 150, 210, 330 பாகையில் இருக்கின்றன. அதாவது (±√3 ± i)/2. இதன் வர்க்கம் (1 ± i√3)/2. x² க்குப் பதில் y எழுதினால் y² − y + 1 = 0, அதற்கு மூலங்கள் அவையேதான். வர்க்கமூலம் எல்லாம் மூலங்களுக்குள்ளே ஒளிந்திருக்க, கோவையில் முழு எண்கள் மட்டும் நிற்கின்றன.

வகுத்தலைக் குறைக்கும் மூன்று வழிகள்

n கொஞ்சம் பெரிதானால் நீள் வகுத்தல் சலிப்புத் தரும். மூன்று குறுக்குவழிகள் உண்டு. மூன்றும் புள்ளிகளின் வரிசையை எண்ணிப் பார்த்தாலே விளங்கும்.

p என்ற பகா எண் n ஐ ஏற்கெனவே வகுக்குமானால், Φ_pn(x) = Φ_n(xᵖ). Φ₈ = Φ₄(x²) = x⁴ + 1; Φ₉ = Φ₃(x³) = x⁶ + x³ + 1. p ஆனது n ஐ வகுக்காவிட்டால் Φ_n(xᵖ) ஐ Φ_n(x) ஆல் வகுக்க வேண்டும். n ஒற்றை எண்ணாகவும் 1 ஐவிடப் பெரிதாகவும் இருந்தால் Φ₂ₙ(x) = Φₙ(−x); அதாவது ஒற்றைப் படிகளின் குறியை மாற்றினால் போதும். Φ₅ இலிருந்து Φ₁₀ = x⁴ − x³ + x² − x + 1 ஒரே மூச்சில் வரும்.

இரண்டாவது வழியை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்க்காமல் நகரக் கூடாது. Φ₁₅ ஐ எடுங்கள். Φ₃(x⁵) = x¹⁰ + x⁵ + 1. இதை x² + x + 1 ஆல் வகுக்க வேண்டும்.

x⁸ எழுதிக் கழித்தால் மீதி −x⁹ − x⁸ + x⁵ + 1.
−x⁷ எழுதினால் மீதி x⁷ + x⁵ + 1.
x⁵ எழுதினால் மீதி −x⁶ + 1.
−x⁴ எழுதினால் மீதி x⁵ + x⁴ + 1.
x³ எழுதினால் மீதி −x³ + 1.
−x எழுதினால் மீதி x² + x + 1.
1 எழுதினால் மீதி இல்லை.

Φ₁₅ = x⁸ − x⁷ + x⁵ − x⁴ + x³ − x + 1

மீதி ஒவ்வொரு வரியிலும் நீண்டு, சுருங்கி, மறுபடி நீண்டு, கடைசியில் வகுத்தியாகவே வந்து நிற்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் இந்த இடத்தில் தாமாகப் புன்னகைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

விடை சரியா என்று தாமே சோதிப்பது

கல்லூரியில் யாரும் விடைத்தாளைக் கையில் தரமாட்டார்கள். ஆகவே சோதனைகள் வேண்டும். எளிதானது: n > 1 எனில் கெழுக்களை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். Φ₁₅ இல் 1, −1, 0, 1, −1, 1, 0, −1, 1. சரி.

இன்னும் வலுவான சோதனை x = 1 போடுவது. n ஒரே பகா எண்ணின் அடுக்காக இருந்தால், அதாவது 5, 8, 9 போல, Φₙ(1) அந்தப் பகா எண்ணைத் தரும்: முறையே 5, 2, 3. வேறு எந்த n > 1 ஆனாலும் விடை 1. ஏன் என்பதை 12 ஐ வைத்துப் பார்க்கலாம். x¹² − 1 ஐ x − 1 ஆல் வகுத்தால் பன்னிரண்டு உறுப்புகள் கெழு 1 உடன் நிற்கும்; x = 1 போட்டால் 12. ஆகவே Φ₂(1), Φ₃(1), Φ₄(1), Φ₆(1), Φ₁₂(1) ஐந்தையும் பெருக்கினால் 12 வர வேண்டும். 2 · 3 · 2 · 1 · 1 = 12. இரண்டு 2 களும் ஒரு 3 உம் பகா அடுக்குகளாகிய 2, 4, 3 இலேயே தீர்ந்துவிட்டன. 6 க்கும் 12 க்கும் மிச்சம் வைக்க எதுவும் இல்லை.

மூன்றாவது சோதனை நம் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. முதன்மை மூலங்களை எல்லாம் கூட்டினால் கிடைப்பது மோபியஸ் சார்பு μ(n). n ஐ ஏதேனும் ஒரு பகா எண்ணின் வர்க்கம் வகுத்தால் அது 0. இல்லையென்றால் பகாக் காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் 1, ஒற்றைப்படையாக இருந்தால் −1. கோவையின் இரண்டாவது கெழு இதற்கு எதிர்க்குறி. Φ₁₅ இல் −1, ஏனெனில் μ(15) = 1. Φ₁₂ இல் x³ உறுப்பே இல்லை, ஏனெனில் 4 ஆனது 12 ஐ வகுக்கிறது. 1918 இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் இராமானுஜன், முதன்மை மூலங்களை k ஆம் படிக்கு உயர்த்திப் பிறகு கூட்டினால் என்ன ஆகும் என்பதை விரிவாக ஆராய்ந்தார். அவை இன்று இராமானுஜன் கூட்டுத்தொகைகள் என்று உலகெங்கும் அழைக்கப்படுகின்றன. n = 12, k = 2 எடுத்துப் பாருங்கள். 1, 5, 7, 11 ஐ இரட்டித்தால் 2, 10, 2, 10. வரிசை 6 உள்ள இரண்டு புள்ளிகளும் இரண்டிரண்டு முறை வருகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை μ(6) = 1; ஆகவே விடை 2. எந்த k போட்டாலும் முழு எண்தான் வரும். இதற்கும் புள்ளிகளின் வரிசையைத் தவிர வேறு கருவி தேவைப்படவில்லை.

இன்னும் உடைக்க முடியுமா?

முடியாது. விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்டு எந்த Φₙ ஐயும் மேலும் காரணிகளாகப் பிரிக்க இயலாது. x¹² − 1 க்கு ஆறு காரணிகள் என்றால் ஆறேதான். n பகா எண்ணாக இருக்கும்போது இதைக் காட்டுவது எளிது. ஐசன்ஸ்டைன் விதி கைகொடுக்கும். Φ₅ இல் x க்குப் பதில் x + 1 எழுதுங்கள். ((x + 1)⁵ − 1)/x என்பது

x⁴ + 5x³ + 10x² + 10x + 5

முதல் கெழுவைத் தவிர மற்றவை எல்லாம் 5 ஆல் வகுபடும். கடைசி 5 ஆனது 25 ஆல் வகுபடாது. விதிப்படி இது பகுபடாதது. ஆகவே Φ₅ உம் பகுபடாதது. பொது n க்கான நிரூபணம் சற்று நீளம். களக் கோட்பாடு படிக்கும்போது வரட்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பகா எண் p ஐ மட்டாக வைத்து எண்ணும் உலகத்துக்கு, அதாவது p ஆல் வகுத்தால் ஒரே மீதி தரும் எண்களை ஒன்றாகக் கொள்ளும் உலகத்துக்குப் போனால் இது மாறும். Φ₈ = x⁴ + 1 விகிதமுறு எண்களில் உடையாதது; ஆனால் 5 ஐ மட்டாக வைத்தால் (x² + 2)(x² − 2) என்று உடையும், ஏனெனில் −4 உம் 1 உம் அங்கே ஒன்றே. வியப்பு என்னவென்றால், x⁴ + 1 ஆனது எந்தப் பகா எண்ணை மட்டாக வைத்தாலும் உடைந்துவிடும். 3 க்கு நீங்கள் தேடிப் பாருங்கள். கிடைக்கும்.

மணலில் ஐங்கோணம்

மூலங்களைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இந்தப் பகுதி. அரியமான் கடற்கரை இதற்குத் தோதான இடம். பெண்கடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம் என்பதால் அலை சிறியது. ஈர மணல் விறைப்பாக நிற்கும். இரண்டு குச்சி, ஒரு சணல் கயிறு. நைலான் கயிறு இழுத்தால் நீளும், வேண்டாம்.

Φ₅ = 0 ஐத் தீர்ப்போம். x⁴ + x³ + x² + x + 1 ஐ x² ஆல் வகுத்து, x + 1/x ஐ t என்று எழுதினால் x² + 1/x² = t² − 2 ஆகும். நான்காம் படி சமன்பாடு இரண்டாம் படியாகக் குறைந்துவிடும்:

t² + t − 1 = 0, ஆகவே t = (−1 ± √5)/2

வட்டத்தின்மேல் இருக்கும் புள்ளிக்கு t என்பது கொசைனின் இரு மடங்கு. ஆகவே கொசைன் 72° = (√5 − 1)/4.

இப்போது மணலில் நான்கு சாண் ஆரத்தில் வட்டம் போடுங்கள். மையம் வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு, வடக்கு தெற்காக ஒரு கோடு. மையத்திலிருந்து மேற்கே ஒரு சாணில் ஒரு குச்சி. வடக்கே இரண்டு சாணில் இன்னொரு குச்சி. இரண்டுக்கும் இடையே கயிற்றை இழுத்துப் பிடித்தால், பிதாகரஸ் சொன்னபடி அதன் நீளம் √5 சாண். மேற்குக் குச்சியை அப்படியே வைத்துக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைக் கிழக்குக் கோட்டின்மேல் கொண்டுவாருங்கள். அது மையத்திலிருந்து √5 − 1 சாண் தள்ளி விழும். அந்த இடத்தில் வடக்கு தெற்காக ஒரு கோடு போட்டால் அது வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும்: 72 பாகையிலும் −72 பாகையிலும். Φ₅ இன் இரண்டு மூலங்கள் காலடியில் வந்துவிட்டன. கிழக்குப் புள்ளிக்கும் 72 பாகைப் புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கயிற்றில் பிடித்து வட்டத்தைச் சுற்றி வைத்தால் ஐங்கோணம் மூடும்.

ஏழுகோணத்துக்கு இது நடக்காது. Φ₇ ஐ x³ ஆல் வகுத்து t க்கு மாற்றினால் t³ + t² − 2t − 1 = 0. 1 உம் −1 உம் போட்டுப் பாருங்கள், இரண்டும் தீர்வல்ல. ஆகவே விகிதமுறு மூலம் இல்லாத மூன்றாம் படி. கயிறும் நேர்கோடும் தரக்கூடியது வர்க்கமூலங்களை மட்டும். மூன்றாம் படி அவற்றுக்கு எட்டாது. φ(n) ஆனது 2 இன் அடுக்காக இருந்தால்தான் வரைய முடியும். φ(17) = 16 என்பதால் பதினேழுகோணத்தை வரையலாம் என்று காஸ் 1796 இல், தம் பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முன்பே, கண்டுபிடித்தார்; 1801 இல் வெளியான தம் எண்கணித நூலின் இறுதிப் பகுதியில் வட்டத்தைப் பிரிக்கும் கோட்பாட்டை எழுதினார். மற்றவற்றை வரைய முடியாது என்பதை 1837 இல் நிரூபித்தவர் வான்ட்செல்.

105 என்ற எண்

Φ₁ இலிருந்து தொடங்கிக் கையால் போட்டுக்கொண்டு வருபவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில், கெழுக்கள் எப்போதும் 0, 1, −1 மட்டும்தான் என்று நம்பத் தொடங்குவார்கள். Φ₁₀₄ வரை அது உண்மை. Φ₁₀₅ இல் உடைகிறது. படி 48 உள்ள அந்தக் கோவையில் x⁷ க்கும் x⁴¹ க்கும் கெழு −2.

முழுக் கோவையையும் போடாமல் x⁷ இன் கெழுவை மட்டும் எடுக்கலாம். 105 = 3 · 5 · 7. வகுத்திகளுக்கான பெருக்கல் சமன்பாட்டைத் திருப்பி எழுதினால்,

Φ₁₀₅ = (x³ − 1)(x⁵ − 1)(x⁷ − 1)(x¹⁰⁵ − 1) / (x − 1)(x¹⁵ − 1)(x²¹ − 1)(x³⁵ − 1)

படிகளைக் கூட்டிப் பாருங்கள்: மேலே 120, கீழே 72, வித்தியாசம் 48. நமக்கு x⁷ வரை மட்டும் வேண்டும். 15, 21, 35, 105 ஆகிய படிகள் அதற்கு மேலே இருப்பதால் அவற்றை மறந்துவிடலாம். மேலும் கீழும் நான்கு நான்கு காரணிகள்; ஆகவே எல்லாவற்றிலும் குறியை மாற்றி 1 − x³ என்பது போல எழுதினாலும் ஒன்றுதான். மிஞ்சுவது (1 − x³)(1 − x⁵)(1 − x⁷)/(1 − x). (1 − x³)/(1 − x) என்பது 1 + x + x². ஆகவே

(1 + x + x²)(1 − x⁵ − x⁷ + …)

x⁷ எங்கிருந்து வருகிறது? x² ஐ −x⁵ ஆல் பெருக்கும்போது ஒன்று. 1 ஐ −x⁷ ஆல் பெருக்கும்போது இன்னொன்று. இரண்டும் −1. சேர்ந்தால் −2. 3, 5, 7 மூன்றும் அடுத்தடுத்து நெருக்கமாக இருப்பதால் 5 + 2 உம் 7 உம் ஒரே இடத்தில் மோதுகின்றன. எனக்கு இயற்கணிதத்தில் மிகவும் பிடித்த கணக்குகளில் இது ஒன்று. கோவை முழுவதையும் கணினியில் தட்டி −2 ஐப் பார்ப்பவர்களுக்கு இந்த மோதல் கண்ணில் படாது.

இரண்டு பகா எண்களின் பெருக்கல்பலனுக்கு இப்படி ஆகவே ஆகாது என்று மிகோட்டி 1883 இல் காட்டினார். மூன்று வெவ்வேறு ஒற்றைப் பகா எண்களின் பெருக்கல்பலன்களில் மிகச் சிறியது 105. அதனால்தான் அங்கே உடைகிறது. தேடிக்கொண்டே போனால் ஏதேனும் ஒரு Φₙ இல் எந்த முழு எண்ணும் கெழுவாக வரும் என்பதைச் சுசுகி 1987 இல் நிரூபித்தார்.

எதற்குப் பயன்?

வீட்டில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. கிறுக்கிய தகவலையும் திருத்திப் படிக்கும் குறியீடுகள் பலவும் xⁿ − 1 ஐக் காரணிப்படுத்துவதிலிருந்து பிறந்தவை. குவாண்டம் கணினிகள் வந்தாலும் தாங்கும் வகையில் அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சாவிப் பரிமாற்ற முறை x²⁵⁶ + 1 என்ற கோவையின்மேல் கட்டப்பட்டது. முதல் குறுக்குவழியைத் திரும்பத் திரும்பப் போடுங்கள்: Φ₄ = x² + 1, Φ₈ = x⁴ + 1, Φ₁₆ = x⁸ + 1 என்று போனால் x²⁵⁶ + 1 என்பது Φ₅₁₂. நீங்கள் நோட்டில் எட்டுத் திசை வரைந்து தொடங்கிய அதே குடும்பம்.

கையால் போட வேண்டியவை

Φ₂₀, Φ₂₁, Φ₃₀ மூன்றையும் ஒரே அமர்வில் போடலாம். Φ₂₀ க்கு Φ₁₀ இலிருந்து போங்கள். x⁸ − x⁶ + x⁴ − x² + 1 வர வேண்டும். Φ₃₀ க்கு மேலே போட்ட Φ₁₅ இருக்கிறது. ஒற்றைப் படிகளின் குறியை மாற்றினால் x⁸ + x⁷ − x⁵ − x⁴ − x³ + x + 1. Φ₂₁ க்கு x¹⁴ + x⁷ + 1 ஐ x² + x + 1 ஆல் வகுக்க வேண்டும், விடை

x¹² − x¹¹ + x⁹ − x⁸ + x⁶ − x⁴ + x³ − x + 1

மூன்று சோதனைகளையும் ஒவ்வொன்றின்மேலும் போட்டுப் பாருங்கள். பிறகு Φ₉ ஐ x³ ஆல் வகுத்து t க்கு மாற்றினால் t³ − 3t + 1 = 0 வரும். அதன் மூலங்கள் 40, 80, 160 பாகைகளின் கொசைன்களின் இரு மடங்கு. இதை வைத்து, 60 பாகைக் கோணத்தைக் கயிறும் நேர்கோடும் கொண்டு மூன்று சம பாகமாகப் பிரிக்க முடியாது என்பதை நீங்களே நிறுவலாம். ஒரு குறிப்பு மட்டும்: 20 பாகையை வரைய முடிந்தால் 40 பாகையையும் வரைய முடியும்.